அறிமுகமற்ற நாடுகளின் பொலிஸ் புலனாய்வு நாவல்கள்: சுவைப்பும் சமூக நோக்கும்

1

துப்பறியும் நாவல்களை விரும்பிப் படிப்போர் பலர். படிப்பதாக வெளிப்படையாக ஒப்புக்கொள்வோர் சிலர். முற்போக்கு வாசகரிடையே இத்தயக்கம் சற்று அதிகமாகவே காணப்படுகின்றது. இவ்வகை நாவல் சந்தைக்கென உற்பத்தி செய்யப்படும் பண்டம் என்றும், சமூக முரண்பாடுகளைத் தனிமனிதக் குற்றங்களாகச் சுருக்கிக் காட்டுவது என்றும், குற்றவாளி பிடிபட்டதும் உலகம் சீராகிவிடும் என்னும் பொய்யான ஆறுதலை வாசகனுக்கு அளிப்பது என்றும் கூறப்படுவதுண்டு. இக்குற்றச்சாட்டுகளில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இவற்றோடு ஆராய்ச்சியை நிறுத்திக்கொள்வது, பெருந்தொகையான மக்கள் விரும்பிப் படிக்கும் ஓர் இலக்கிய வகையினை ஆராயாமலே தண்டிப்பதாகும்.

மார்க்சியச் சிந்தனை மரபு இவ்விடயத்தில் அவ்வாறு நடந்துகொள்ளவில்லை. குற்றவாளி குற்றத்தை மட்டுமன்றிக் குற்றவியற் சட்டத்தையும், அதைக் கற்பிக்கும் பேராசிரியரையும், பொலிசாரையும், நீதிபதிகளையும், ஏன், துன்பியல் நாடகங்களையும் கூட 'உற்பத்தி' செய்கிறான் என மார்க்ஸ் அங்கதமாக எழுதிய பகுதி பலரும் அறிந்தது. கிராம்ஷி தமது சிறைக் குறிப்பேடுகளில் துப்பறியும் கதைகளின் செல்வாக்குப் பற்றிச் சிந்தித்தார். பிரெக்ட் அவற்றை விரும்பிப் படித்ததோடு அவற்றின் சனரஞ்சகத் தன்மை பற்றிக் கட்டுரையும் எழுதினார். பெல்ஜிய மார்க்சியப் பொருளியலாளரான எர்னஸ்ட் மண்டேல், குற்றக்கதையின் சமூக வரலாற்றைக் கூறும் நூலொன்றை 1984இல் வெளியிட்டார். தாம் இக்கதைகளை விரும்பிப் படிப்பவர் என்பதை அந்நூலின் தொடக்கத்திலேயே அவர் ஒப்புக்கொள்கிறார். எனவே 'படிக்கலாமா?' என்னும் வினாவிலும் பார்க்க, 'படிக்கும்போது நாம் அடையும் சுவை எத்தகையது? அதன் சமூக அடிப்படை யாது?' என்னும் வினாக்களே பயனுடையன.

இக்கட்டுரை துப்பறியும் நாவல் முழுவதையும் ஆராய முற்படவில்லை. பொலிஸ் நிலையத்தின் அன்றாட வேலைமுறையைக் கதையின் முதுகெலும்பாகக் கொண்ட நாவல்களையும், அவற்றுள்ளும் நமக்கு அதிகம் பரிச்சயமில்லாத நாடுகளைக் களமாகக் கொண்டவற்றையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

2

முதலில் வடிவத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் தகும். எட்கார் அலன் போ 1841இல் எழுதிய கதையிலும், 1887இல் தோன்றிய ஷெர்லொக் ஹோம்ஸ் கதையிலும் துப்பறிபவன் தனிமனித மேதை. அவன் சம்பளத்துக்கு வேலை செய்பவனல்லன். பெரும்பாலும் ஓய்வும் வசதியும் உள்ள கனவான். பொலிஸ்காரர் அவனது மேதைமையை எடுத்துக்காட்டுவதற்கெனப் படைக்கப்பட்ட மந்தபுத்தியினர். 1920இல் எழுத்துலகுக்கு வந்த அகதா கிறிஸ்ரியின் நாவல்களிலோ குற்றம் பெரும்பாலும் மாளிகையின் மூடிய கதவுகளுக்குள் நடைபெறும் புதிராகி விடுகின்றது. அங்கு வேலைக்காரருக்குப் பெயர் உண்டு; வாழ்க்கை இல்லை.

இரண்டாம் உலகப் போரின் முடிவை ஒட்டியே பொலிஸ் வேலைமுறை நாவல் தனி வகையாக உருப்பெற்றது. அமெரிக்க எழுத்தாளர் லோரன்ஸ் றீற் 1945இல் வெளியிட்ட நாவல் இதன் முன்னோடியாகக் கருதப்படுகிறது. எட் மக்பெயின் 1956இல் தொடங்கிய 'எண்பத்தேழாவது பொலிஸ் பிரிவு' வரிசை இவ்வகையை நிலைநிறுத்தியது. இங்கே கதாநாயகன் ஒருவனல்லன். ஒரு பொலிஸ் நிலையம். ஒருவர் வீடுவீடாகச் சென்று விசாரிக்கிறார். ஒருவர் ஆய்வுகூட அறிக்கைக்குக் காத்திருக்கிறார். ஒருவர் பழைய கோப்புகளைப் புரட்டுகிறார். பெரும்பாலான தடயங்கள் வெறுமையில் முடிகின்றன. ஈற்றில் உண்மை வெளிப்படும்போது அது மேதையொருவனின் மூளையில் மின்னிய ஒளியாக அன்றிப் பலர் கூடிச் செய்த சலிப்பூட்டும் உழைப்பின் விளைவாகவே வெளிப்படுகிறது.

இம்மாற்றம் அற்பமானதன்று. கனவான் மேதையின் இடத்தைச் சம்பளத் தொழிலாளியும், அகத்தூண்டுதலின் இடத்தை உழைப்புப் பிரிவினையும் பிடித்துக்கொண்டமையே இதன் சாரம். வேலை நேரம், மேலதிகாரியின் கெடுபிடி, பதவியுயர்வுப் போட்டி, வயிற்றுக் கோளாறு, முறிந்துபோன குடும்ப வாழ்க்கை ஆகியன கதைக்குள் நுழைகின்றன. மனித உழைப்பை விரிவாகச் சித்திரிக்கும் நாவல்கள் குறைவாக உள்ள சூழலில், வேலை என்பது எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பொறுமையாகக் காட்டும் இவ்வகை தன்னளவிலேயே கவனத்துக்குரியது.

3

இனி, அறிமுகமற்ற நாடு என்னும் அம்சத்துக்கு வருவோம். தொலைதூர நாடொன்றைக் களமாகக் கொண்ட நாவல் நமக்கு முதலில் தருவது புதுமைச் சுவை: பெயர்கள், உணவு, காலநிலை, தெருக்கள். இது உல்லாசப் பிரயாணியின் சுவை. இதனை இழிவாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் இதிலேயே தேங்கிவிடுவது ஆபத்தானது. ஆங்கில எழுத்தாளர் கீற்றிங் பம்பாய் நகரத்து இன்ஸ்பெக்டர் கோட்டேயைப் பாத்திரமாக்கி 1964இல் முதல் நாவலை வெளியிட்டபோது இந்தியாவைக் கண்டதில்லை; ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின்னரே அவர் அங்கு சென்றார். அந்நாவல் இங்கிலாந்தில் பரிசும் பெற்றது. வாசகன் நாடிய 'இந்தியா' எத்தகையது என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஆயின் சிறந்த நாவல்களில் புதுமைச் சுவை விரைவிலே வேறொன்றாக மாறுகின்றது. இதற்குக் காரணம் புலனாய்வு என்னும் செயலின் இயல்பிலேயே உள்ளது. பொலிஸ் அதிகாரிக்கு எல்லார் கதவையும் தட்டும் சட்ட அதிகாரம் உண்டு. காலையில் கைத்தொழிலதிபரின் வரவேற்பறையில் இருப்பவர் மாலையில் வேலையற்றோர் கூடும் மதுச்சாலையில் நிற்கிறார். சாதாரண வாழ்வில் ஒன்றையொன்று காணாத வர்க்கங்களை ஒரு சடலம் ஒரே கோப்பினுள் கொண்டுவந்து சேர்க்கிறது.

லூக்காச் 1930களில் வரலாற்று நாவல் பற்றி எழுதியபோது, சேர் வால்டர் ஸ்கொற்றின் நாயகர் பெருவீரரல்லர், நடுத்தரமானவர் எனச் சுட்டிக்காட்டினார். மோதும் இரு முகாம்களுக்கும் இடையே நடமாடக்கூடியவனே ஒரு சமூகத்தின் முழுமையைக் காட்ட வல்லவன் என்பது அவரது விளக்கம். சோர்வும் சளியும் கொண்ட நடுத்தரப் பொலிஸ் அதிகாரி இவ்வகையில் ஸ்கொற்றின் நாயகனது தொலை உறவினன் எனலாம். உள்நாட்டு வாசகனுக்கு இயல்பாகத் தோன்றுவதால் விளக்கப்படாமலே விடப்படும் பலவற்றை வெளிநாட்டு வாசகன் வியப்போடு கவனிக்கிறான். யார் யாரை எவ்வாறு அழைக்கின்றனர், எவருக்கு முன் பொலிஸ்காரன் குரலைத் தாழ்த்துகிறான், எவரைக் கேளாமலே உள்ளே நுழைகிறான் என்பனவெல்லாம் அவனுக்குத் தடயங்களாகின்றன. குற்றத்தைப் பொலிசார் துப்பறிய, சமூகத்தை வாசகன் துப்பறிகிறான். இவ்விரட்டைத் துப்பறிதலே இந்நாவல்கள் தரும் தனிச்சுவை என்பது எனது கருத்து.

4

இதனை எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம். ஜேம்ஸ் மக்ளூர் தென்னாபிரிக்காவில் பிறந்து 1965இல் பிரித்தானியாவுக்குக் குடிபெயர்ந்தவர். 1971இல் வெளிவந்த அவரது முதல் நாவலான 'நீராவிப் பன்றி', நிறவெறி ஆட்சிக்காலத்து நகரமொன்றை, பீற்றர்மரிற்ஸ்பேர்க்கின் சாயலில் அமைந்த கற்பனை நகரை, களமாகக் கொண்டது. வெள்ளையரான கிறேமரும் ஸூலு இனத்தவரான ஸொண்டியும் சேர்ந்து புலனாய்வு செய்கின்றனர். ஸொண்டியின் பதவிப் பெயருக்கு முன்னேயே 'பாண்டு' என்னும் இன அடையாளம் ஒட்டப்பட்டிருக்கிறது. கொலையுண்டவள் வெள்ளையர் பகுதியில் வாழ்ந்த இசையாசிரியை. அவளுடைய குடும்பம் வெள்ளையர் என்னும் வகுப்பிலிருந்து 'கலப்பினத்தவர்' என மறுவகைப்படுத்தப்பட்டது என்பது விசாரணையின்போது வெளிப்படுகிறது. 1950ஆம் ஆண்டின் குடிசனப் பதிவுச் சட்டம் ஒரு குடும்பத்தை ஒரே பேனாக் கோட்டினால் வேறோர் உலகத்துக்குத் தள்ளிவிட வல்லது. இங்கே சட்டம் குற்றத்தைத் தடுக்கும் கருவியாக இல்லை. குற்றத்துக்கான நிலைமைகளைத் தோற்றுவிக்கும் காரணியாக உள்ளது. அச்சட்டத்தைக் காப்பவர்களே குற்றத்தையும் விசாரிக்கின்றனர். இம்முரண்பாட்டை மக்ளூர் பிரசங்கம் செய்யவில்லை, கதைமுடிச்சாகவே அமைத்துவிடுகிறார்.

யப்பானிய எழுத்தாளர் செய்ச்சோ மட்சுமொட்டோ வறுமையில் வளர்ந்து, நாற்பது வயதையண்டி எழுத்துலகுக்கு வந்தவர். 1958இல் நூலுருப் பெற்ற 'புள்ளிகளும் கோடுகளும்' அவரது புகழ்பெற்ற நாவல். அமைச்சொன்றின் கீழ்நிலை உத்தியோகத்தர் ஒருவரும் ஒரு பெண்ணும் பியூக்குவோக்கா அருகே கடற்கரையில் இறந்து கிடக்கின்றனர். காதலர் தற்கொலை என வழக்கு முடிக்கப்படும் நிலை. உணவுச் சிட்டையொன்றில் கண்ட சிறு முரணிலிருந்து வயதான உள்ளூர்ப் பொலிஸ்காரர் ஐயங்கொள்கிறார். ரோக்கியோ புகையிரத நிலையத்தில் ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடையில் நிற்கும் வண்டியை இடையூறின்றிக் காணக்கூடிய நேரம் நாளொன்றில் நான்கு நிமிடங்களே. புகையிரத நேரசூசியின் துல்லியமே இங்கு கொலைக் கருவியாகிறது. போருக்குப் பிந்திய யப்பானின் கைத்தொழில் ஒழுங்கும், அமைச்சுக்கும் வணிகருக்கும் இடையிலான இலஞ்ச உறவும் ஒரே முடிச்சில் இணைகின்றன. கீழ்நிலை உத்தியோகத்தர் இறக்கிறார். ஊழலின் மேல்நுனியில் இருந்தவரோ தண்டனையின்றித் தப்பிக்கொள்கிறார். புதிர் விடுவிக்கப்பட்டது, நீதி கிடைக்கவில்லை.

5

இவ்வகையின் மார்க்சியச் சாதனை எனத் தயக்கமின்றிக் கூறத்தக்கது சுவீடனைச் சேர்ந்த மாய் ஷோவால், பேர் வாலோ இணையரின் படைப்பாகும். பத்திரிகையாளரான வாலோ 1957இல் பிராங்கோவின் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டவர். இருவரும் பிள்ளைகள் உறங்கிய பின்னர், இரவில், அத்தியாயங்களை மாறிமாறி எழுதினர். மக்பெயினின் நாவல்களைச் சுவீடிஷ் மொழியில் பெயர்த்தோரும் இவர்களே. 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள். ஒவ்வொன்றும் முப்பது அத்தியாயங்கள். முன்னூறு அத்தியாயங்கள் கொண்ட ஒரே நாவலாகவே முழுவதையும் திட்டமிட்டனர். வரிசை முழுவதற்கும் 'ஒரு குற்றத்தைப் பற்றிய நாவல்' எனப் பெயரிட்டனர். அக்குற்றம் தனியொரு கொலையன்று. சுவீடனின் சமூக சனநாயகம் உழைக்கும் மக்களைக் கைவிட்டமையே அவர்கள் கருதிய குற்றம்.

1932 முதல் 1976 வரை, 1936இன் சில மாதங்கள் நீங்கலாக, சமூக சனநாயகக் கட்சி சுவீடனை ஆண்டது. சேமநல அரசின் முன்மாதிரி என உலகெங்கும் அது போற்றப்பட்டது. இலங்கையிலும் சேமநலக் கொள்கை பற்றிய விவாதங்களில் ஸ்கண்டிநேவிய நாடுகள் உதாரணம் காட்டப்படுவதுண்டு. அத்தகைய நாட்டிலே முதலாளித்துவம் எவ்வாறு தொடர்ந்து இயங்கியது என்பதைக் காட்டுதற்கு இவர்கள் பொலிஸ் நாவலைத் தெரிந்தெடுத்தனர். பரந்த வாசகர் கூட்டத்தை அடைதலே இதற்கு நோக்கம். சுவீடனின் பொலிஸ் சேவை உள்ளூராட்சியிடமிருந்து நீக்கப்பட்டு மத்திய அரசின் கீழ் கொண்டுவரப்பட்டதும் 1965ஆம் ஆண்டிலேயே. எனவே பொலிஸ் படிப்படியாக இராணுவத் தன்மை பெறுவதன் வரலாறாகவும் இவ்வரிசையைப் படிக்கலாம்.

முதல் நாவலான 'றோஸானா'வில் கால்வாயைத் தூர்வாரும்போது அமெரிக்கப் பெண்ணொருத்தியின் சடலம் கிடைக்கிறது. அவள் யாரென அறிவதற்கே மாதங்கள் செல்கின்றன. உல்லாசப் பயணிகள் எடுத்த புகைப்படங்களை நாடுநாடாகச் சேகரித்து, அவற்றினின்று அவளது இறுதிப் பயணம் மீளமைக்கப்படுகிறது. அரசியல் இங்கே வெளிப்படையாக இல்லை. 1968இல் வந்த 'சிரிக்கும் பொலிஸ்காரன்' வியட்நாம் போருக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தைப் பொலிசார் அடக்கும் இரவிலே தொடங்குகிறது. நகரின் பொலிசார் அனைவரும் அமெரிக்கத் தூதரகத்தைக் காக்கும் வேளையில் பஸ் வண்டியொன்றில் பயணிகள் சுட்டுக் கொல்லப்படுகின்றனர். 1970இல் வெளிவந்த நாவலில் மல்மோ நகர ஹொட்டலில் கைத்தொழிலதிபர் ஒருவர் சுடப்படுகிறார். சுட்டவன் அவரது நிறுவனங்களால் வேலையையும் வீட்டையும் குடும்பத்தையும் இழந்த தொழிலாளி. 1971இல் வந்த நாவலில் கொலையாளி முன்னாள் பொலிஸ்காரன். நீரிழிவினால் மயங்கிய அவன் மனைவியைக் குடிகாரி எனக் கருதிப் பொலிசார் கூண்டில் அடைக்க, அவள் அங்கேயே இறந்துபோனாள். 1972இல் வந்த 'பூட்டிய அறை'யில் தான் செய்த கொலைக்காக விடுவிக்கப்படும் ஒருவன், தான் செய்யாத கொலைக்காகத் தண்டிக்கப்படுகிறான்.

இவ்வாறு நாவலுக்கு நாவல் புலனாய்வு வெற்றி பெறுகிறது. ஆனால் அவ்வெற்றியில் மகிழ்ச்சி குறைந்துகொண்டே செல்கின்றது. மார்ட்டின் பெக்கின் நெருங்கிய தோழன் கோல்பேர்க் ஈற்றில் பொலிஸ் வேலையைத் துறக்கிறான். வாலோ இறந்த 1975ஆம் ஆண்டில் வெளிவந்த இறுதி நாவலில், அரசின் எல்லா நிறுவனங்களாலும் கைவிடப்பட்ட இளம்பெண்ணொருத்தி பிரதம மந்திரியைச் சுடுகிறாள். பதினொரு ஆண்டுகளின் பின்னர், 1986இல், பிரதமர் ஒலொப் பால்ம உண்மையாகவே ஸ்டொக்ஹோம் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இதனைத் தீர்க்கதரிசனம் என வியப்பது தேவையற்றது. வரிசையின் கடைசிச் சொல் மார்க்ஸின் பெயராக இருப்பதே அதிலும் கவனிக்கத்தக்கது.

6

இவற்றுக்கு எதிராக எழுப்பப்படும் வலுவான ஆட்சேபம் ஒன்றுண்டு. எவ்வளவு விமர்சனம் இருந்தாலும் இந்நாவல்கள் நம்மைப் பொலிஸ்காரனின் கண்களால் உலகைக் காணச் செய்கின்றன அல்லவா? அரசின் வன்முறைக் கருவியாகிய நிறுவனம், வயிற்றுவலியும் மனச்சாட்சியும் கொண்ட நல்ல மனிதனாக நம் முன் உட்காருகிறது. நாம் அவனை நேசிக்கிறோம். நேசத்தின் வழியே நிறுவனமும் மன்னிக்கப்படுகிறது.

இவ்வாட்சேபத்தை முழுமையாக மறுக்க இயலாது. ஷோவால் – வாலோவின் வழிவந்த ஸ்கண்டிநேவிய நாவல்கள் பலவற்றில் சமூக விமர்சனம் மங்கி, இருண்ட வானிலையும் இன்ஸ்பெக்டரின் துயரமும் விற்பனைச் சரக்காகியமை கண்கூடு. ஆயின் வடிவம் தன்னளவில் குற்றவாளியன்று. அதிகாரியின் நன்மைக்கும் நிறுவனத்தின் இயல்புக்கும் இடையிலான முரண்பாட்டை நாவல் மூடி மறைக்கிறதா, திறந்து காட்டுகிறதா என்பதே அளவுகோலாதல் வேண்டும்.

இவ்வளவுகோலை முதலாளித்துவ நாடுகளுக்கு மட்டும் பயன்படுத்துவது நேர்மையாகாது. கியூபாவில் 1970களின் தொடக்கம் முதல் உள்நாட்டமைச்சே துப்பறியும் நாவல்களுக்குப் போட்டி நடத்திப் பரிசளித்தது. அந்நாவல்களில் பொலிசாரும் மக்களும் ஒன்றிணைந்து குற்றவாளியைப் பிடிக்கின்றனர்; குற்றவாளி பெரும்பாலும் புரட்சியின் எதிரி. கூட்டு நாயகன் என்னும் கருத்து அங்கு உண்டு. ஆனால் முரண்பாடு அகற்றப்பட்டதால் நாவலும் உயிரிழந்தது. லியனார்தோ பதுரா 1991 முதல் 1998 வரை வெளியிட்ட நான்கு நாவல்கள் இதற்கு மறுப்பாக அமைந்தன. நான்கும் 1989ஆம் ஆண்டின் நான்கு பருவங்களில் நிகழ்வன. முதல் நாவல் கியூபாவில் அன்றி மெக்சிக்கோவிலேயே முதலில் வெளிவந்தது. மூன்றாவது நாவலான 'முகமூடிகள்', 1971இன் கலாசாரக் கெடுபிடிகளால் ஒதுக்கப்பட்ட நாடக நெறியாளர் ஒருவரைப் பொலிஸ் அதிகாரி மாரியோ கொண்டே சந்திப்பதைச் சித்திரிக்கிறது. பதுரா தீவை விட்டு வெளியேறவில்லை. புரட்சியை ஏளனம் செய்யவுமில்லை. நம்பியவர்களின் ஏமாற்றத்தை நம்பியவர்களுள் ஒருவனாக நின்று பேசுகிறார். முற்போக்கு வாசகனுக்கு இது கசப்பான மருந்து. அதனாலேயே அவன் இதனைப் படிக்க வேண்டும்.

7

ஈற்றில், இந்நாவல்கள் நமக்கு ஏன் வேண்டும் என்னும் வினா எஞ்சுகிறது. இதற்கு நமது சூழலிலிருந்தே ஒரு விடை கூறலாம்.

பொலிஸ் வேலைமுறை நாவல் மௌனமாக ஏற்றுக்கொள்ளும் ஓர் அடிப்படை உண்டு. உண்மை தேடிக் கண்டடையப்பட வேண்டியது. அதற்கு உழைப்பும் சான்றும் தேவை என்பதே அது. இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் பொலிஸ் அதிகாரியிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்பதில்லை. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டமோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ பெறும் ஒப்புதலைச் சான்றாக ஏற்க இடமளித்தது. ஒப்புதல் ஒன்றே போதுமெனின், கால்வாயில் கிடந்த பெண்ணின் பெயரை அறிய மாதக்கணக்கில் புகைப்படங்களைத் தேடுவது எதற்கு? உணவுச் சிட்டையைக் கூர்ந்து நோக்கும் முதிய பொலிஸ்காரருக்கு வேலை ஏது? புலனாய்வின் உழைப்பு மறையும் இடத்தில் அறையின் கதவு மூடப்படுகிறது. உள்ளே நடப்பதை எந்த நாவலும் வேலைமுறை எனச் சித்திரிக்க முடியாது.

ஸ்டொக்ஹோமிலோ ரோக்கியோவிலோ நிகழும் கதையைப் படிக்கும் நம் நாட்டுத் தமிழ் வாசகன், தான் அறியாத நாட்டை மட்டும் காண்பதில்லை. சடலத்துக்குப் பெயர் தேடப்படுவதையும், காணாமற் போனவரைப் பற்றிய கோப்பு மூடப்படாதிருப்பதையும், விசாரிப்பவன் தன் மேலதிகாரிக்கு மாறாகவும் உண்மையைத் தொடர்வதையும் அவன் காண்கிறான். தன் அனுபவத்தில் அரிதாகவே கண்ட ஒன்றை அங்கே கண்டு கொள்ளும் இன்பத்தில் ஏக்கமும் கலந்திருக்கிறது. அவ்வேக்கம் கற்பனையான ஆறுதலாக முடிந்துவிடுமாயின் இந்நாவல்கள் மீதான பழைய குற்றச்சாட்டு நிலைபெறும். எது நடந்திருக்க வேண்டும், அது ஏன் இங்கு நடக்கவில்லை என்னும் வினாவாக அது மாறுமாயின், சுவைப்பே சமூக அறிவின் தொடக்கமாகிறது.

எனவே இந்நாவல்களைத் தலையணையின் கீழ் ஒளித்துவைக்க வேண்டியதில்லை. விரும்பியே படிப்போம். ஆனால் கொலையாளி யாரென அறிந்தவுடன் நூலை மூடிவிடாது, அவனைக் கொலையாளியாக்கியது எது, எவர் விசாரிக்கப்படாமலே விடப்பட்டனர் என்னும் இரண்டு வினாக்களையும் எழுப்பிய பின்னரே மூடுவோம்.